கொம்பனி தந்த மணிக்கூடு

என் வீட்டு முன்னறைச் சுவரில் ஒரு மணிக்கூடு தொங்குகிறது. வட்ட முகம், தேக்குச் சட்டம், கீழே பித்தளைத் தகட்டில் கொம்பனியின் பெயர். என் கலியாணத்துக்குக் கொம்பனி தந்தது. வீட்டுக்கு வருகிறவர்கள், "நல்ல சாமான், இப்ப உப்பிடி எங்க வருது" என்று அதைத்தான் முதலில் புகழ்வார்கள். அதைக் கழற்றி அலுமாரிக்குள் வைத்துவிட வேண்டும் என்று எத்தனையோ தரம் கதிரை போட்டு ஏறியிருக்கிறேன். ஒவ்வொரு தரமும் தூசியைத் துடைத்துவிட்டு இறங்கிவிடுவேன்.

வெள்ளைக்காரரின் கடற்படை திருகோணமலையை விட்டுப் போய்ச் சில வருடங்களுக்குப் பிறகு நான் அந்தக் கொம்பனியில் சேர்ந்தேன். கப்பலில் வருவதை இறக்கி, களஞ்சியத்தில் அடுக்கி, ரயிலிலும் லொறியிலும் ஏற்றி நாடெங்கும் அனுப்புகிற பெரிய கொம்பனி. தலைமைக் கந்தோர் கொழும்பில் இருந்தது. எங்கள் பக்கத்தில், இறங்குதுறையிலும் களஞ்சியங்களிலும் கந்தோரிலுமாக, பார்க்கிற இடமெல்லாம் ஆண்கள். பெண்கள் இரண்டே பேர். ஒன்று நான், தட்டெழுத்துக்கு. மற்றது ரெலிபோன் பலகையில் இருந்த அக்கா. அவர் உப்புவெளியிலிருந்து காலை பஸ்ஸில் வருவார். என்னைவிட ஐந்து வயது மூத்தவர். கந்தோரில் அவர் பெரிய மிஸ், நான் சின்ன மிஸ். எங்கள் பெயர்கள் சம்பளப் புத்தகத்தில் மட்டும் இருந்தன.

கந்தோரின் பின்பக்கம் பெண்களுக்கென்று ஒரு கக்கூஸ் இருந்தது. எப்போதும் பூட்டியிருக்கும். அதன் திறப்பு பெரிய கிளாக்கரின் கதிரைக்குப் பின்னால் ஓர் ஆணியில், உள்ளங்கையளவு பலகைத் துண்டோடு தொங்கும். பெரிய கிளாக்கர் யாழ்ப்பாணத்து மனிதர், நெற்றி நிறையத் திருநீறு, சிரித்து யாரும் பார்த்ததில்லை. அவர் முன்னால் போய் நின்று, "திறப்பு, சேர்" என்று கேட்க வேண்டும். அவர் தலையை நிமிர்த்தாமலே கையைப் பின்னால் நீட்டி எடுத்துத் தருவார். திருப்பிக் கொடுக்கும்போது மட்டும் நிமிர்ந்து நேரத்தைப் பார்ப்பார். அந்தப் பலகைத் துண்டைக் கையில் பிடித்தபடி அத்தனை ஆண்களின் மேசைகளுக்கு நடுவால் நடந்து போகிற வெட்கத்துக்காகவே நான் காலையில் தேத்தண்ணி குடிப்பதை விட்டேன்.

நான் சேர்ந்து இரண்டாவது மாதமோ மூன்றாவது மாதமோ, அக்கா அந்தத் திறப்பைச் சவர்க்காரக் கட்டியில் அழுத்தி அச்செடுத்து, இறங்குதுறைப் பட்டறையில் இருந்த ஒருவரைக் கொண்டு இரண்டு வெட்டுவித்தார். ஒன்றைத் தான் வைத்துக்கொண்டு மற்றதை என் தட்டெழுத்து இயந்திரத்துக்கு அடியில் செருகினார்.

"இனி நீர் தேத்தண்ணி குடிக்கலாம்" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. வீட்டில்கூட ஒருவரும் எனக்காக இப்படி ஒரு காரியம் பார்த்ததில்லை. அந்த நாளிலிருந்து அக்கா என்றால் எனக்கு உயிர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு சொன்னால் நம்பமாட்டீர்கள்.

ரெலிபோன் பலகை இருந்த அறை, கந்தோரிலேயே நல்ல அறை. பெரிய யன்னல், யன்னலுக்கு வெளியே உள்துறைமுகம் முழுவதும் தெரியும். மூதூருக்குப் போகிற லோஞ்ச், நங்கூரம் போட்டு நிற்கிற கப்பல்கள், காற்று. சுழல்கிற கதிரை ஒன்று. கதவு ஒன்று, அதுவும் உள்ளேயிருந்து சாத்தக்கூடியது. அக்கா அங்கே இருந்து பலகையின் வயர்களை இழுத்துச் செருகி, இறங்குதுறையைக் களஞ்சியத்தோடும் களஞ்சியத்தைக் கொழும்போடும் பேசவைப்பார். "ஹலோ" என்ற ஒரு சொல்லிலேயே பேசுகிறவர் யார், அவருக்கு அன்று கோபமா சளியா என்றுகூடச் சொல்லிவிடுவார். நான் இருந்ததோ கடதாசிக் கட்டுகள் அடுக்கிய மூலையில், பகலிலும் விளக்குப் போட்டு. மத்தியானம் அக்கா சாப்பிடுகிற அரை மணி நேரம் மட்டும் பலகையை நான் பார்ப்பேன். அந்த அரை மணி நேரத்துக்காகவே நான் வேலைக்குப் போன நாட்கள் உண்டு. அந்தக் கதிரை எனக்கு வேண்டும் என்று ஆசைப்பட்டேன். ஆசைப்படுவதில் என்ன பிழை என்று அப்போது நினைத்தேன்.

கொம்பனியில் ஒரு சட்டம் இருந்தது. பெண் கலியாணம் கட்டினால் அன்றோடு வேலையிலிருந்து விலக வேண்டும். நியமனக் கடிதத்திலேயே அது எழுதியிருந்தது. நாங்கள் இருவரும் அதற்குக் கீழே கையெழுத்து வைத்துத்தான் சேர்ந்தோம். ஆண் கட்டினால் கதை வேறு. அன்று பின்னேரம் மேசைகளை இழுத்து ஒன்றாக்கி, வெள்ளைச் சீலை விரித்து, பற்றிஸும் கேக்கும் வைத்து, மனேச்சர் தன் கையால் ஒரு மணிக்கூடு கொடுப்பார். குடும்பஸ்தன் பொறுப்புள்ளவன் என்று ஒரு பேச்சும் பேசுவார். அந்தப் பேச்சை அடித்துக் கொடுப்பது நான்தான். பழைய பிரதியை எடுத்துப் பெயரை மட்டும் மாற்றி அடிப்பேன்.

அக்காவுக்குக் கலியாணம் பேசி முற்றாகியிருந்தது. மாப்பிள்ளை மலைநாட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியர். ஆனால் அக்காவுக்கு வேலையை விட மனமில்லை. கொழும்புத் தலைமைக் கந்தோருக்கு ஒரு கடிதம் எழுதினார். கலியாணம் கட்டிய பிறகும் பெண்கள் வேலையில் இருக்க அனுமதிக்க வேண்டும், ஆண்களுக்கு இல்லாத சட்டம் எங்களுக்கு மட்டும் ஏன் என்று கேட்டு. கடிதத்தை நான்தான் மத்தியானத்தில் களவாக அடித்துக் கொடுத்தேன். நீரும் கீழே கையெழுத்து வையும் என்றார் அக்கா. நான் நாளைக்கு என்றேன். மற்ற நாளும் நாளைக்கு என்றேன். மூன்றாம் நாள் அக்கா தன் கையெழுத்தோடு மட்டும் அனுப்பிவிட்டார். அடுத்த இயக்குநர் கூட்டத்தில் கவனிக்கப்படும், அதுவரை பழைய சட்டமே நடக்கும் என்று பதில் வந்தது. கூட்டத்துக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது. அதுவரை அவர் மிஸ்ஸாக இருந்தால் போதும்.

இடையில் அக்காவின் தகப்பனார் காலமானார். ஆண்டுத் திவசம் முடியாமல் வீட்டில் நல்ல காரியம் செய்யக்கூடாது என்று தாலி கட்டுவதைத் தள்ளிவைத்தார்கள். ஆனால் மாப்பிள்ளைக்குத் திருகோணமலைக்கு மாற்றம் எடுக்க வேண்டும். மனைவி அங்கே இருக்கிறாள் என்று காட்டப் பதிவுப் பத்திரம் வேண்டும். அதனால் எழுத்தை மட்டும் முடித்தார்கள். எங்கள் ஆட்களுக்கு எழுத்து என்பது பதிவுகாரரின் முன்னால் புத்தகத்தில் கையெழுத்து வைப்பது, அவ்வளவுதான். துக்க வீட்டில்கூட அதற்குத் தடையில்லை என்றால் பாருங்கள், அதை ஒருவரும் நல்ல காரியமாகவே எண்ணவில்லை. அது ஒரு கந்தோர் அலுவல். எழுத்து முடிந்த பெண், தாலி ஏறும்வரை தாய்வீட்டில் தாயோடுதான் இருப்பாள். மாப்பிள்ளை வந்தால் முன்னறையில் இருத்தித் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அந்த எழுத்துக்குச் சாட்சிக் கையெழுத்து வைத்த இருவரில் ஒருத்தி நான். அதற்கு நான் நாளைக்கு என்று சொல்லவில்லை.

ஒரு மாதம் போயிருக்கும். களஞ்சியக் கிளாக்கர் ஒருவருக்குத் தம்பலகாமத்தில் கலியாணம் நடந்தது. வழக்கம்போல மேசை, சீலை, பற்றிஸ், மணிக்கூடு, பேச்சு. மனேச்சர் கொழும்பு மனிதர், நல்ல குணமுள்ளவர். எங்களோடு ஆங்கிலத்தில்தான் பேசுவார். கேக் துண்டோடு எங்கள் பக்கம் வந்து, "அடுத்தது யார்? சின்ன மிஸ்ஸா, பெரிய மிஸ்ஸா?" என்று பகிடியாகக் கேட்டார்.

நான் அன்று நல்ல சந்தோசத்தில் இருந்தேன். "பெரிய மிஸ்தான், சேர். எழுத்தும் முடிஞ்சுது" என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

இது எங்கள் ஆட்கள் எவரும் விடக்கூடிய பிழை. அந்த மேசையைச் சுற்றி நின்ற தமிழர் ஒருவருக்கும் அதில் ஒரு வில்லங்கமும் தெரியவில்லை. சிரித்தார்கள், பெரிய மிஸ், எப்ப எங்களுக்குச் சாப்பாடு என்றார்கள். எழுத்து முடிந்தது என்றால் எங்களுக்கு, கலியாணம் இனித்தான் என்று அர்த்தம். கொழும்பு மனிதருக்கு அது கலியாணம் முடிந்துவிட்டது என்று அர்த்தம். அவர் அக்காவின் கையைப் பிடித்துக் குலுக்கி வாழ்த்தினார். அக்காவின் முகம் வெளிறிப்போனதைக் கண்ட பிறகுதான் நான் செய்த காரியம் எனக்கு உறைத்தது. அன்று பஸ் தரிப்புவரை அக்காவோடு அழுதுகொண்டே போனேன்.

"விடும் பிள்ளை. தெரியாமல் சொன்னனீர்தானே. நான் திங்கட்கிழமை அவரோட கதைக்கிறன்" என்றார் அக்கா.

திங்கட்கிழமை கதைத்தார். உள்ளே போய் அரை மணி நேரம் இருந்தார். அந்த நேரம் பலகையில் நான் இருந்தேன். வெளியே வந்து அவர் சொன்னதில் எனக்கு ஒரு சொல்லும் மறக்கவில்லை.

"எங்கட வழக்கத்தில தாலி ஏறினாத்தான் கலியாணம் எண்டு சொன்னனான். அந்தக் களஞ்சியக் கிளாக்கருக்கு எழுத்து முடிஞ்சு ஏழெட்டு மாசம், நீங்கள் மணிக்கூடு குடுத்தது தாலி கட்டினாப் பிறகுதானே, அவருக்கு ஒரு கணக்கு எனக்கு ஒரு கணக்கோ எண்டு கேட்டனான். அதில நியாயம் இருக்கு எண்டார் மனுசன். விசாரிச்சுப்போட்டுச் சொல்லுறன் எண்டார்."

அக்காவின் கண் பளபளத்தது. அவர் வென்றுவிட்டார் என்றுதான் நானும் நினைத்தேன். சந்தோசப்பட்டேன் என்று எழுதத்தான் ஆசை. என் கை அப்போது அந்தச் சுழல் கதிரையின் கைப்பிடியில் இருந்தது. எழும்பி இடம் விட்டுக் கொடுக்க எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.

மற்ற நாள் காலை, கிண்ணியாவிலிருந்து வருகிற எங்கள் பியோன் நானா என் மேசைக்கு வந்தார். கடற்படைக் காலத்திலிருந்து துறைமுகத்தில் வேலை செய்தவர். என்னை எப்போதும் புள்ள என்றுதான் கூப்பிடுவார்.

"புள்ள, பெரிய சேர் உங்களக் கூப்புடுறார்" என்றார்.

மனேச்சர் என்னைக் கதிரையில் இருக்கச் சொன்னார். அந்த அறையில் நான் கதிரையில் இருந்தது அதுதான் முதல் தரம். நானா அவருடைய தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்து, பழைய கோப்பையை எடுத்துக்கொண்டு நின்றார்.

"இந்த எழுத்து விசயத்தில் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை" என்றார் மனேச்சர். "பெரிய கிளாக்கரைக் கேட்டேன். தாலி கட்டும்வரை உங்கள் ஆட்கள் அதைக் கலியாணமாக எடுப்பதில்லை, அவளை இருக்கவிடலாம் என்று அவர் சொல்கிறார். நீங்கள் அந்தப் பதிவுக்குச் சாட்சி என்று கேள்விப்பட்டேன். நீங்களும் அதே ஆட்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? அவள் கலியாணம் கட்டிவிட்டாளா?"

பெரிய கிளாக்கர். திறப்பை ஆணியில் தொங்கவிட்ட அந்த மனிதர். அவர் அக்காவுக்காகச் சொல்லியிருந்தார். நான் சொல்ல வேண்டியிருந்தது ஒரே ஒரு சொல். இல்லை, சேர். அது பொய்யும் இல்லை. உப்புவெளியில் அக்கா தாயோடு ஒரே பாயில் படுத்துக்கொண்டிருந்தார், அதுதான் உண்மை.

"சட்டப்படி அவர்கள் புருசன் பெண்சாதிதான், சேர்" என்றேன். "நான் கையெழுத்து வைத்தேன்."

அதுவும் பொய் இல்லை. அதுதான் எனக்கு இன்றுவரை பெரிய வசதியாக இருக்கிறது. சட்டம் தெரிந்தவள் என்று காட்ட ஆசைப்பட்டேனா, கதிரையில் இருத்திக் கேட்ட மனிதரைப் பார்த்துப் பயந்தேனா என்று பல நியாயங்களைத் தேடிப் பார்த்துவிட்டேன். ஒன்றும் ஒட்டவில்லை. எனக்கு அந்த அறை வேண்டும், அந்த யன்னல் வேண்டும். அக்கா போனால்தான் அது வரும். சொன்ன நேரத்தில் எனக்கு அது நன்றாகத் தெரியும்.

மனேச்சர் பெருமூச்சு விட்டு நன்றி சொன்னார். நானா கோப்பையோடு வெளியே போனார். கடற்படையோடு இருந்து பழகிய ஆங்கிலம் அவருக்கு உண்டு என்பது எனக்கு அப்போது நினைவில் வரவில்லை.

கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. எழுத்து நடந்த நாளிலேயே அக்காவின் வேலை முடிந்துவிட்டதாக அதில் இருந்தது. அதை அடித்ததும் நான்தான். கந்தோரில் வேறு தட்டெழுத்துக்காரி இல்லை. அவருக்கு மணிக்கூடு கொடுக்க வேண்டுமா என்றும் ஒரு பேச்சு நடந்தது. வேலையில் இருக்கிறவரின் கலியாணத்துக்குத்தான் மணிக்கூடு, கலியாணம் நடந்த அன்றே இவருக்கு வேலை இல்லை, ஆகவே மணிக்கூடும் இல்லை என்று முடிவு செய்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. அக்கா மட்டும் கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டுச் சிரித்தார்.

"நல்ல காலம். அதைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில போக ஏலாது" என்றார்.

போகும்போது தன் திறப்பையும் என் கையில் தந்துவிட்டுப் போனார். எனக்குப் பிறகு வருகிற பிள்ளைக்குக் கொடுக்கச் சொன்னார்.

திங்கட்கிழமை நான் சுழல் கதிரையில் இருந்தேன். பத்து மணிக்கு நானா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார்.

"தேத்தண்ணி, மிஸ்" என்றார்.

நான் நிமிர்ந்து பார்த்தேன். அவர் முகத்தில் கோபம் ஒன்றும் இல்லை. அவர் ஓய்வு பெற்றுப் போகும்வரை எனக்கு ஒருநாளும் தேத்தண்ணி பிந்தவில்லை. ஒருநாளும் அவர் என்னைப் புள்ள என்று கூப்பிடவும் இல்லை.

இயக்குநர் கூட்டம் சொன்னபடி நடந்தது. கொழும்பிலிருந்து வந்த பதிலைத் திறந்து மனேச்சருக்குக் கொடுத்தவளும் நான்தான். கிடைத்த விண்ணப்பத்தைக் கவனித்து, கலியாணம் கட்டிய பெண்களும் இனிமேல் வேலையில் தொடரலாம் என்று சட்டத்தைத் திருத்தியிருந்தார்கள். ஏற்கெனவே விலகியவர்களுக்கு அது பொருந்தாது என்று கடைசி வரியில் இருந்தது. உள்ளே கொண்டுபோக முதல் அதைக் கையில் வைத்துக்கொண்டு பலகையின் முன்னால் இருந்தேன். அழைப்பு வந்து விளக்குகள் எரிந்தபடி இருந்தன. அக்காவுக்கு எழுதி அறிவிக்க வேண்டும் என்று நினைத்தேன். நாளைக்கு என்று நினைத்தேன்.

இரண்டு வருடத்துக்குப் பிறகு எனக்குக் கலியாணம் நடந்தது. எழுத்தும் தாலியும் ஒரே நாளில் முடித்தோம். நான்தான் பிடிவாதமாக நின்றேன். கந்தோரில் மேசைகளை இழுத்து, சீலை விரித்து, மணிக்கூடு தந்தார்கள். கலியாணம் கட்டியும் வேலையில் இருக்கிற முதல் பெண் என்று மனேச்சர் என்னைப் புகழ்ந்தார். அந்தப் பேச்சைப் புதிதாக வந்த சின்ன மிஸ் அடித்திருந்தாள். எல்லோரும் கை தட்டினார்கள். பெரிய கிளாக்கரும் தட்டினார். அவர் என்னைப் பார்த்துத் தட்டவில்லை, கேக்கைப் பார்த்துத் தட்டினார்.

அக்கா ஒருதரம்தான் என் வீட்டுக்கு வந்தார். என் மூத்த பிள்ளையைப் பார்க்க, தன் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு, உப்புவெளிக் கருவாடும் ஒரு பொட்டலம் கட்டிக்கொண்டு. கொஞ்சம் மெலிந்திருந்தார். வீட்டில் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பதாகச் சொன்னார். இப்போதும் யாராவது படலையில் நின்று கூப்பிட்டால், குரலை வைத்தே ஆள் யார் என்று சொல்லிவிடுவாராம். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் முகம் பழைய முகமாக இருந்தது. பிறகு சுவரை நிமிர்ந்து பார்த்தார்.

"இதுதானே அந்த மணிக்கூடு. என்ர கடிதத்துக்குப் பதில் வந்ததெண்டு பிறகுதான் கேள்விப்பட்டனான். பரவாயில்லை, ஒராளுக்கெண்டாலும் பிரயோசனப்பட்டுது" என்றார்.

நான் தேத்தண்ணி போடக் குசினிக்குப் போகிற மாதிரி எழும்பினேன். அவர் என் கையைப் பிடித்து இருத்தினார்.

"நீர் அண்டைக்கு வாய் தவறிச் சொன்னதை நான் ஒருநாளும் மனசில வைச்சிருக்கேல்ல. அது எங்கட ஆக்கள் ஆரும் சொல்லுறதுதான். ஆனா பிறகு மனேச்சர் ஆரையோ கூப்பிட்டு விசாரிச்சவராம். அந்த ஆள்தான் என்னைக் கவிட்டது. பெரிய கிளாக்கராத்தான் இருக்கும், என்ன? நாங்கள் திறப்பு கேக்க வராமல் விட்ட நாளில இருந்தே அந்த மனுசனுக்கு என்னில ஒரு கோவம்."

"ஓம் அக்கா" என்றேன். "அவராத்தான் இருக்கும்."

அக்கா தலையாட்டிக்கொண்டார். மணிக்கூட்டைப் பார்த்து, ஐந்து மணி பஸ் வந்துவிடும் என்று பிள்ளைகளை எழுப்பினார். நான் என் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு படலைவரை போனேன், படலையைத் தாண்டி ஒழுங்கை முடியும்வரையும் கூடப் போனேன். சொல்வதற்கு அவ்வளவு தூரம் இருந்தது. உப்புவெளிவரை நடந்திருந்தாலும் நான் சொல்லியிருக்க மாட்டேன்.